நாற்பத்திரண்டாவது நெல்லி

நவம்பர் 16, 1959

வேலை விவரம் எழுத முதலாளி ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். அது அவர் பார்ப்பதற்கு. இது நானே வாங்கினது, நான் பார்ப்பதற்கு. நம்முடைய திறமையை நாமே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் ஊரில் எவன் எழுதப்போகிறான்?

முதலாளிக்கு டவுனில் நூல் மில். இங்கே மலையடிவாரத்தில் ஜமீன் ஏலத்தில் எடுத்த முந்நூறு ஏக்கர் காடு. நடுவில் ஓடை, ஓடைக்கரையில் வேட்டை பங்களா. பங்களா என்றால் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். முதலாளிக்கு மான் வேட்டையில் பைத்தியம். லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி இரண்டு இருக்கிறது, மான்தான் அகப்படவில்லை. மூன்று வருஷமாகப் பரணில் உட்கார்ந்து கொசுவுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

"காட்டுல நெல்லி இருக்கு, தான்றி இருக்கு. எல்லாம் உண்ணிமுள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு. மான் எப்படிய்யா உள்ள நொழையும்? பழ மரம் தெரிஞ்ச ஆளு வேணும். அதான் ஒன்னையக் கூப்பிட்டேன் கொண்டலு" என்றார்.

சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். மாந்தோப்பில் இருபத்திரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் கொண்டல்சாமி. எண்ணூறு மரம். எந்த மரத்தில் எந்தக் கிளை எத்தனை காய் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி முதலாளியின் சம்பந்தி மதுரையிலிருந்து வேட்டைக்கு வருகிறார். அன்றைக்குப் பரணுக்கு முன்னால் கொம்பு மான் நின்றால் வேலை எனக்கு நிரந்தரம். காட்டு முகப்பில் ஓட்டு வீடும் உண்டு, இப்போதைக்கு எனக்குப் பங்களா வராந்தாதான். வீடு கிடைத்தால் என் பெண்டாட்டி பூரணத்தை அழைத்துக்கொள்ளலாம். அவள் தன் தம்பி தவசி வீட்டுக்குப் போய் எட்டு மாசமாகிறது. ஏன் போனாள் என்பது இங்கே தேவையில்லை.

நவம்பர் 18

நெல்லி மரங்களை எண்ணி முடித்தேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் தாரால் நம்பர் போட்டாயிற்று. தான்றி பதின்மூன்று.

காத்தன் என்று ஒரு பளியர் ஆள் கூட வருகிறான். என் வயசுதான் இருக்கும். ஓடைக்கு மேலே நாலு குடிசை போட்டு இவன் ஆட்கள் இருக்கிறார்கள். தேன் எடுப்பான், கிழங்கு தோண்டுவான், முதலாளி வந்தால் தடம் பார்த்துச் சொல்வான். பேசவே மாட்டான். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

"இன்னொண்ணு இருக்கு மேஸ்திரி."

"எங்க?"

"அங்கிட்டு, மேல கெடங்குப் பள்ளத்துல."

"எல்லைக்குள்ளயா, வெளியவா?"

"எல்லைன்னா?"

இவனிடம் என்ன பேசுவது? கொண்டல்சாமி எண்ணினால் எண்ணினதுதான். நாற்பத்தொன்று.

நவம்பர் 24

அடிவாரத்து ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வெட்டுக்கு வருகிறார்கள். உண்ணிமுள் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கிறது. முள் கிழிக்காத கை ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஏழாம் நம்பர் நெல்லியைச் சுற்றி வெட்டி முடித்ததும் ஒரு பெண், "ஏ ஆத்தி, இம்புட்டுப் பெரிய மரமா உள்ள ஒளிஞ்சிருந்துச்சு?" என்று அண்ணாந்து பார்த்தாள். காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. மரத்தை ஏதோ நானே பெற்ற மாதிரி இருந்தது எனக்கு.

நவம்பர் 29

சும்மா வெட்டினால் போதாது, வழி வேண்டும். மான் தண்ணீர் குடிக்க ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு முழ அகலத்தில் தடம் வெட்டுகிறோம். நேராக வெட்டவில்லை, வளைத்து வெட்டுகிறோம். நேர் பாதையில் மான் தூரத்திலேயே ஆளைப் பார்த்துவிடும் என்று யோசித்தது நானாக்கும். மரங்களின் தலையில் ஏறியிருந்த கொடிகளை அறுத்தோம். மேலே கவிந்து வெயிலை மறைத்த கிளைகளைக் கழித்தோம்.

டிசம்பர் 2

வந்துவிட்டது.

காலையில் ஏழாம் நம்பருக்கு அடியில் குளம்படி. காத்தன் குந்தி உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்து, "அஞ்சு பெட்ட, ரெண்டு கொம்பு" என்றான். புழுக்கை இன்னும் காயவில்லை. மூன்று வருஷமாக முதலாளியால் முடியாததைப் பதினாறு நாளில் முடித்திருக்கிறேன். முதலாளி நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன். இங்கே எழுத வார்த்தை வரவில்லை. பூரணத்துக்கு ஒரு கார்டு போட்டேன்: 'மான் வருகிறது. வீடு கிடைக்கும். துணிமணி எடுத்து வை.'

டிசம்பர் 7

பூரணத்தின் பதில் வந்தது. கார்டு முழுக்க இடம் இருந்தும் ஒரே வரி: 'எனக்கு வீடு வேண்டாம், தவசிக்கிட்ட ஒரு வார்த்தை போதும்.'

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. எதைச் சொன்னாலும் கடைசியில் தவசியில் வந்து நிற்பாள். போன வருஷம் தோப்பில் பூ எடுக்கவில்லை. மார்கழியில் மரம் காய்ந்து கிடக்க வேண்டும், அப்போதுதான் பூ எடுக்கும். அந்த மார்கழியில் மடை திறந்து தண்ணீர் பாய்ந்துவிட்டது. எண்ணூறு மரமும் பூவுக்குப் பதில் தளிர் விட்டு நின்றன. தோப்புக்காரர் வந்து சத்தம் போட்டார். தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் தவசி. மடையைத் திறந்தவனும் அவன்தான். அதைத்தான் சொன்னேன். அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வார்த்தையாம்.

டிசம்பர் 11

இன்றைக்கு ரத்தம் கொதித்துப்போயிற்று. ஏழாம் நம்பரில் மந்திக் கூட்டம். கறுத்த மூஞ்சி, சாம்பல் உடம்பு, இரண்டு முழ நீளத்துக்கு வால். இருபதாவது இருக்கும். ஒழுங்காகத் தின்றாலும் பரவாயில்லை. ஒரு காயைப் பறிக்கும், ஒரு கடி கடிக்கும், எறிந்துவிடும். அடுத்ததைப் பறிக்கும், ஒரு கடி, எறியும். கிளையையே ஒடித்துப் போடுகிறது. மரத்தடி முழுக்கக் கடித்த காய். எவன் வீட்டுச் சொத்து?

காத்தன் சொன்னான்: "இருந்துட்டுப் போவட்டும் மேஸ்திரி. அது போட்டாத்தான்..."

"அது போட்டா நான் பொறுக்கணுமாக்கும்? தோப்புல கொரங்க விட்டவன் எவனாச்சும் வெளங்கியிருக்கானாலே?"

அதோடு வாயை மூடிக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்தில் என் தோப்புக்குள் ஒரு குரங்கு கால் வைத்ததில்லை. காட்டிலே மட்டும் விட்டுவிடுவேனா?

டிசம்பர் 12

காத்தனுக்கு ஒரு தகர டின்னும் கம்பும் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேருக்குக் கவண். நானே மூங்கிலில் கல்லு வெடி செய்தேன். கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திரி வைத்தால் மலையே அதிர்கிறது. கூட்டம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று.

டிசம்பர் 20

எட்டு நாள் விடாமல் விரட்டினோம். ஒரு மந்தி கிடையாது. காய் அத்தனையும் மரத்திலேயே அசையாமல் நிற்கிறது. பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

மரத்தடியைக் கூட்டச் சொன்னேன். கரையான் ஏறாமல் இருக்க நாற்பத்தொரு மரத்துக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, மேலே காவிப் பட்டை போட்டோம். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்கின்றன. பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சம்பந்தி பார்த்து அசந்துபோவார்.

டிசம்பர் 27

குளம்படி குறைந்திருக்கிறது. மார்கழிக் குளிர். மான் மேட்டுப் பக்கம் வெயில் காயப் போயிருக்கும்.

ஜனவரி 3, 1960

ஒன்றும் இல்லை.

ஜனவரி 5

ஒன்றும் இல்லை. ஓடையில் ஒரு மிளா, அதாவது கடமான், தண்ணீர் குடித்த தடம். மிளா யாருக்கு வேண்டும்? முதலாளி கேட்பது புள்ளிமான்.

ஜனவரி 8

தடத்தை மறுபடி கூட்டினோம். மரத்தடிக்குத் தண்ணீர் ஊற்றிப் புல் வளர்த்தோம். எதற்கும் மசியவில்லை. என் வேலையில் குறை கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் வேறு யாரோ மானைக் கலைக்கிறார்கள்.

காத்தனை நினைத்துப் பார்த்தேன். காட்டிலேயே கிடக்கிறவன். கண்ணி வைக்கத் தெரிந்தவன். நான் வந்தது அவனுக்குப் பிடித்திருக்காது. முதலாளிக்குக் கடுதாசி எழுதினேன்: 'மான் வரத்து நன்றாக இருந்தது. திடீரென்று நின்றிருக்கிறது. காத்தன் ஆட்கள் மேல் எனக்குச் சந்தேகம்.' சந்தேகம் என்றுதான் எழுதினேன். அவன்தான் என்று எழுதவில்லை.

தபால்காரரிடம் கொடுக்கும்போது விலாசத்தை மூன்று தரம் படித்தேன். ஏனென்று தெரியவில்லை. கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். தனியாக வைத்தேன். அடி பிடித்துவிட்டது. பூரணம் வைத்தால் பொங்குவதற்கு முன்பே வாசம் தெருவுக்குப் போகும்.

மத்தியானம் காத்தன் வந்தான். வள்ளிக்கிழங்கும் ஒரு சுரைக்குடுக்கையில் தேனும் கொண்டுவந்தான். "பொங்கலாம்ல. நீங்க ஒத்தையில இருக்கீகன்னு வீட்டுல குடுத்துவிட்டா" என்றான். வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரமாக அனுப்பிவிட்டேன். தேன் நல்ல தேன்.

ஜனவரி 19

இன்றைக்கு மானைத் தேடி நானே கிளம்பினேன். காத்தனைக் கூப்பிடவில்லை. ஓடையோடு மேலே ஏறி, பாறை தாண்டி, எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் இப்புறம் ஒரு கிடங்கு. அங்கே பேச்சுச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

ஒரு நெல்லி. நம்பர் இல்லாத நெல்லி. என் மரங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது. கிளை முழுக்க மந்தி. நான் விரட்டின அதே கூட்டம், காது கிழிந்த கிழவனைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கடி கடிக்கிறது, எறிகிறது. ஒரு கடி, எறிகிறது. கீழே பதினான்கு மான். நாலு கொம்பு. ஒவ்வொரு காய் விழும்போதும் ஒன்று நடந்து வந்து எடுத்துத் தின்கிறது. ஒரு மந்தி கிளையோடு ஒடித்துப் போட்டது, மூன்று மான் ஓடி வந்து இலையையும் தின்றன. மேலே இருக்கிறது பரிமாறுகிறது, கீழே இருக்கிறது சாப்பிடுகிறது. பந்தி.

ஒரு மணி நேரம் அங்கேயே படுத்துக் கிடந்தேன். மான் மரம் ஏறாது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் மரத்தில் காய் அசையாமல் நிற்கிறது என்று மாசம் முழுக்கப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் எழுத இன்றைக்கு முடியாது.

ஜனவரி 20

காத்தனைக் கேட்டேன். "மந்தி போட்டாத்தான் மான் திங்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் டின்னு தட்டுன?"

"தட்டச் சொன்னீக. தட்டுனேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் தோப்புக் கதை சொன்னீக."

புரட்டிப் பார்த்தேன். டிசம்பர் பதினொன்று. 'அது போட்டாத்தான்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நவம்பர் பதினெட்டில் கிடங்கு நெல்லியும் இருக்கிறது. நானே எழுதி நானே படிக்கவில்லை.

ஜனவரி 22

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மந்தியைத் திரும்பக் கூப்பிட்டால் தீர்ந்தது. பரண் ஏழாம் நம்பருக்கு எதிரில்தான் இருக்கிறது, மான் அங்கே வரவேண்டும். டின்னைப் பூட்டி வைத்தேன். கல்லு வெடியை உடைத்தேன். சுண்ணாம்பைச் சுரண்டச் சொன்னேன். பாதி போயிற்று, பாதி போகவில்லை. இப்போது மரங்களுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

ஜனவரி 26

மந்தி வரவில்லை. மந்தி செய்கிற வேலையை மனுஷன் செய்யக்கூடாதா?

ஏழாம் நம்பரில் நானே ஏறினேன். நாற்பத்தொன்பது வயசில். துறட்டியால் இழுத்தால் காய் நிறைய விழும், ஆனால் முழுசாக விழும். மந்தி கடித்துப் போடுகிறதே, அதில் ஏதாவது விஷயம் இருக்குமோ என்று பட்டது. ஒரு காயைக் கடித்தேன், எறிந்தேன். இன்னொன்று, ஒரு கடி, எறிந்தேன். இருநூறு காய் கடித்திருப்பேன். பல் கூசி நாக்கு மரத்துவிட்டது. இறங்கும்போது காத்தன் கீழே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. அதுதான் பெரிய அவமானம்.

ஜனவரி 27

சோறு மெல்ல முடியவில்லை. மோர் குடித்தேன். கடித்துப் போட்ட காய் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

காத்தன் சொல்கிறான்: "ஒங்க வாட வீசும் மேஸ்திரி. வாராது."

பிப்ரவரி 1

கிடங்கு நெல்லிக்குச் சம்பந்தியை அழைத்துப் போனால் அடுத்த நிமிஷம் வேட்டை முடிந்துவிடும். ஆனால் அங்கே போனால் மேலே மந்தி இருக்கும், கீழே மான் இருக்கும். முதலாளி முட்டாள் இல்லை. 'இந்த மந்தி எல்லாம் முன்னாடி எங்க இருந்துச்சு?' என்று கேட்பார். டின் தட்டி விரட்டினதைச் சொல்ல வேண்டியதுதான். கடுதாசி வேறு அவர் கையில் இருக்கிறது.

நாலு நாளில் மந்தி திரும்பி வராதா? வரும்.

பிப்ரவரி 5

ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஜீப்பில் முதலாளி, சம்பந்தி, சமையல்காரர். சம்பந்தி பெரிய மீசை, மெதுவான பேச்சு. "சம்பந்தி ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்காக, என் காட்டுல மான் மேயுது, மான் மேயுதுன்னு. பாப்போம்" என்று முதலாளியைக் காட்டிச் சொன்னார். முதலாளிக்கு முகம் சிவந்தது.

பிறகு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன் கடுதாசி பாத்தேன். நாளைக்கு மான் வந்தாச் சரி. வரலேன்னா அந்தக் காத்தன் கூட்டத்தக் காட்ட விட்டே தொரத்திருவேன். நாலு குடிசையும் பிரிச்சுப் போட்ருவேன். ஒனக்கு எடைஞ்சல் இருக்காது."

"சந்தேகம்னுதான் எழுதுனேன் மொதலாளி."

"போதும்யா. எனக்கு அது போதும்."

சமையல்காரருக்கு விறகு எடுத்துக் கொடுத்தேன். ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். தேன் குடுக்கையில் பாதி இன்னும் இருக்கிறது.

மடையைத் திறந்தது தவசி. திறக்கச் சொன்னது யார் என்று இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. மழை பொய்த்த வருஷம், மரம் வாடுகிறதே என்று பதறினவன் யார்? 'வேணாம் மச்சான், மார்கழியில தண்ணி காட்டுனா பூ எடுக்காது' என்று அவன் சொன்னபோது, 'எனக்குச் சொல்லித் தாரியா?' என்று கத்தினவன் யார்? அன்றைக்குத் தோப்புக்காரர் முன்னால் தவசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூரணம் அடுப்படி வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள்.

எழுதிவிட்டேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது, இங்கே யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, சனிக்கிழமை

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன்.

விடிவதற்கு முன்னால் பரண் ஏறினார்கள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காட்டுக்கோழி வந்தது, மண்ணைக் கிளறிவிட்டுப் போயிற்று. சம்பந்தி இறங்கி வந்து, வெள்ளைத் திட்டுத் திட்டாய் நின்ற மரத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். முதலாளிக்கு அது போதும்.

"கூப்பிடுறா அந்தக் காத்தன."

காத்தன் வந்து நின்றான். கூடவே அவன் பெண்டாட்டி, இடுப்பில் பேரப்பிள்ளை. முதலாளி சத்தம் போட ஆரம்பித்தார். கண்ணி வைத்தாயா, மானைக் கலைத்தாயா, என் உப்பைத் தின்றுவிட்டு எனக்கே வேலை காட்டுகிறாயா. காத்தனுக்குப் பாதி புரியவில்லை. அவன் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். தவசி பார்த்த அதே பார்வை.

பக்கத்தில் ஏழாம் நம்பர் நின்றது. அதைப் பார்க்கலாம் என்று கழுத்து தானாகத் திரும்பியது. பிடித்து நிறுத்தினேன்.

"மொதலாளி, அவன் ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது" என்றேன்.

ஆரம்பித்தபின் நிறுத்த எனக்கே முடியவில்லை. மந்தி, டின், கல்லு வெடி, சுண்ணாம்பு, கடுதாசி எல்லாம் சொன்னேன். ஏறிக் கடித்துப் போட்டதையும் சொன்னேன். சம்பந்தி மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"மான் எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும் மொதலாளி. பதினெட்டு நாளாத் தெரியும். மொத நாளே காத்தன் சொன்ன மரம் அது. நான்தான் எண்ணிக்கையில சேக்கல."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத இப்படி நாலு பேரு முன்னாடி சொல்ல ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு மொதலாளி. சொல்லாம இருந்தப்பதான் ரொம்ப இருந்துச்சு."

அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். "காத்தா, நட" என்றார்.

கிடங்குக்குப் போகிற வழியை இன்றைக்குக் காத்தன்தான் தீர்மானித்தான். காற்றுக்கு எதிராகச் சுற்றிக்கொண்டு போனோம். பாறைக்குப் பின்னால் எங்களை வரிசையாகப் படுக்க வைத்தான். முதலாளியைப் பார்த்து, "பீடி கூடாது" என்றான். என்னைப் பார்த்து, "மேஸ்திரி, வாயத் தொறக்கப்படாது" என்றான். மூன்று மணி நேரம் திறக்கவில்லை. எறும்பு கடித்தது, அதற்கும் திறக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது மந்திகள் வந்தன. காது கிழிந்த கிழவன் முதலில் ஏறினான். ஒரு கடி, ஒரு வீச்சு. காய் விழுகிற சத்தம் கேட்டுப் புதரிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெட்டைகள் முதலில், கடைசியில் கொம்பன். கொம்பு என் கை நீளம் இருக்கும். சம்பந்தி துப்பாக்கியைத் தூக்கினவர், சுடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடேயப்பா" என்று மூச்சு விடுகிற மாதிரி சொன்னார். பிறகு ஒரே வெடி. கொம்பன் நின்ற இடத்திலேயே விழுந்தது.

ராத்திரி பங்களாவில் கறி வெந்தது. இந்தப் பக்கத்து வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. தடம் காட்டினவனுக்கு முதல் பங்கு, கழுத்துக் கறி. முதலாளி சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து, வாழை இலையில் வைத்து என் பக்கம் நீட்டினார். "இந்தா கொண்டலு."

நான் வாங்கவில்லை. "தடம் காட்டினது காத்தன்" என்றேன். இலை அவன் கைக்குப் போயிற்று. அவன் அதில் பாதியை வெட்டி என் தட்டில் போட்டான். வேண்டாம் என்று சொல்ல வந்தேன். அவன், "வாயத் தொறக்கப்படாது" என்றான். சம்பந்திதான் முதலில் சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு முதலாளி தீர்ப்புச் சொன்னார். "காத்தன் இருக்கட்டும். குடிசையும் இருக்கட்டும். நீ வெட்டுன தடத்துல குத்தம் இல்ல, மரத்துலயும் குத்தம் இல்ல. ஆனா நிரந்தரம், வீடு எல்லாம் கெடையாது. அடுத்த கார்த்திகைக்குள்ள மந்தி பரணுக்கு முன்னால திரும்பணும். அப்பப் பேசுவோம்."

வீடு போயிற்று. எனக்கு இருபத்திரண்டு வருஷ மேஸ்திரி வாழ்க்கையில் இவ்வளவு தலை நிமிர்ந்து நடந்த நாள் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

காலையில் முதல் வேலையாகக் கிடங்கு நெல்லிக்குப் போய்த் தாரால் 42 என்று எழுதினேன். காத்தன் பார்த்துவிட்டு, "மரத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

பிறகு ஊருக்கு இரண்டு கார்டு எழுதினேன். தவசிக்கு: 'மடையைத் திறக்கச் சொன்னது நான். வேண்டாம் என்று நீ சொன்னாய். தோப்புக்காரருக்கும் இதையே எழுதிப் போடுகிறேன்.' பூரணத்துக்கு: 'வீடு கிடைக்கவில்லை. வார்த்தையைத் தவசிக்கு அனுப்பிவிட்டேன்.'

தோப்புக்காரருக்கு எழுத மூன்று கார்டு கெட்டுப்போயிற்று. நாலாவதில் சரியாக வந்தது.

பிப்ரவரி 10

ஏழாம் நம்பருக்கு மந்தி வந்தது. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எண்ணவில்லை.

பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் தடத்தில் உண்ணிமுள் துளிர்த்ததை வெட்டிக்கொண்டிருந்தோம், காத்தனும் நானும். பாதை வளைவில் ஆள் வருகிற சத்தம். முன்னால் தவசி, தலையில் தகரப் பெட்டி. பின்னால் பூரணம், ஒரு கையில் பொங்கல் பானை. என் பொங்கல் அடி பிடித்த கதையை நான் யாருக்கும் எழுதவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

தவசி பெட்டியை இறக்கி வைத்தான். "தோப்புல திரும்பக் கூப்பிட்டுவிட்டிருக்காக மச்சான். நாளக்கிப் போவணும். அக்காவ விட்டுட்டுப் போவம்னு வந்தேன்" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பூரணம் என்னைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்ற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் திட்டு, காவித் திட்டு, பாதி சுரண்டினது, பாதி சுரண்டாதது.

"நல்ல காட்டு மரத்துக்கு எந்தக் கிறுக்கன் சுண்ணாம்பு அடிச்சது?" என்றாள்.

காத்தன் அரிவாளோடு என் பக்கத்தில்தான் நின்றான். சட்டென்று வானத்தைப் பார்த்தான். தவசி பெட்டியின் கயிற்றைச் சரி பண்ணினான்.

"நான்தான்" என்றேன்.

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பானையை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.